லொறி கந்தளாய் தாண்டிவிட்டது, பைல் இன்னும் போகவில்லை: எஃப்.டி.பி லிசனர் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

திருகோணமலையில் நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் இடங்களில் ஒன்று மீன் களஞ்சியம். விடியப்புறம் படகுகள் வந்து, மீனை நிறுத்து, ஐஸ் போட்டு, லொறி கொழும்புக்குப் புறப்படும். லொறியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல், சி.எஸ்.வி பைலாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை), கொழும்பிலுள்ள இன்டகிரேஷன் சேர்வருக்கு (வெவ்வேறு மென்பொருள்களை இணைத்துவிடும் கணினி) அதற்கு முன்பே போய்ச் சேரவேண்டும். அங்கே எஃப்.டி.பி லிசனர் ஒன்று, அதாவது எஃப்.டி.பி என்ற பைல் அனுப்பும் முறையில் வருவதை வாங்கும் மென்பொருள், காத்துக்கொண்டிருக்கும். பைல் வந்ததும் வாங்கி, வரி வரியாகப் பிரித்து, கணக்கு அமைப்புக்குத் தள்ளிவிடும். லொறிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பைலுக்கு இரண்டு செக்கன். ஆனாலும் லொறி முந்திக்கொண்ட நாட்கள் உண்டு.

அப்படியான காலைகளில் களஞ்சியத்து அக்கா எடுக்கும் அழைப்பில் ஒரே வசனம்தான் வரும்: "தம்பி, பைல் போகுதில்லை." இந்த வசனத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஆகவே நான் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, கடைசி வரியில என்ன நம்பர் நிக்குது?"

அந்த நம்பரைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எஃப்.டி.பிக்கு இரண்டு இணைப்புகள். ஒன்று பேச்சுக்கு: பெயர், கடவுச்சொல், இந்த அடைவுக்குப் போ, இந்தப் பைலை வாங்கு என்பதெல்லாம் அதில் போகும். வழக்கமாகப் போர்ட் 21 (போர்ட் என்பது சேர்வரின் கதவு இலக்கம்). மற்றது சரக்குக்கு: பைலின் உள்ளடக்கமும் அடைவுப் பட்டியலும் அதில்தான் போகும், ஒவ்வொரு பைலுக்கும் புதிதாகத் திறந்து மூடப்படும். இன்று நாம் பாவிக்கும் வடிவம் 1985இல் ஆர்.எஃப்.சி 959 என்ற இணைய விதி ஆவணமாக எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் இல்லை, எல்லாக் கணினியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எழுதிவிட்டார்கள். நமது தலையிடியில் பாதி அந்த நம்பிக்கையிலிருந்து வருவது.

சேர்வரின் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும். 1இல் தொடங்கினால் "ஆரம்பிக்கிறேன், பொறு". 2 என்றால் முடிந்தது. 3 என்றால் மிச்சத்தையும் சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம். 5 என்றால் இது சரிவராது. 4க்குத் திரும்ப முயற்சிக்கலாம். 5க்கு அதே பைலை நூறு தரம் அனுப்பினாலும் அதே பதில்தான், போய் எதையாவது மாற்றிவிட்டு வரவேண்டும்.

சோதிப்பதற்குக் கருவியையும் சரியாக எடுங்கள். விண்டோஸின் கறுப்புத் திரையில் வரும் பழைய எஃப்.டி.பி கட்டளை பாஸிவ் முறையில் (அது என்ன என்று கீழே வரும்) வேலை செய்யாது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு அதில் சோதித்தால், ஒழுங்காக ஓடும் சேர்வர்கூடப் பழுது போலத் தெரியும். நானே ஒருநாள் முழுப் பகலையும் அப்படித் தொலைத்திருக்கிறேன். பைல்சில்லா, வின்எஸ்சிபி, இல்லாவிட்டால் கர்ல், இவற்றில் ஒன்றை எடுத்து, நடப்பதையெல்லாம் பதியும் விரிவான லொக்கைத் திறந்துவைத்துக்கொண்டு சோதியுங்கள்.

"ஒண்டுமே வருதில்லை, சுத்திக்கொண்டு நிக்குது"

நம்பரே வரவில்லை என்றால் பேச்சு இணைப்பே பிறக்கவில்லை. இதில் இரண்டு வகை. உடனே "மறுக்கப்பட்டது" என்று வந்தால் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை. லிசனரை யாரோ நிறுத்தி வைத்திருக்கலாம், அல்லது நீங்கள் 21இல் தட்டிக்கொண்டிருக்க லிசனர் வேறு போர்ட்டில் இருக்கலாம். லினக்ஸ் சேர்வர்களில் 1024க்குக் குறைந்த போர்ட்டைத் திறக்கச் சாதாரணமாக மேல்நிலை அனுமதி வேண்டும். அதனால் இன்டகிரேஷன் சேர்வர்களின் லிசனரைப் பெரிய எண்ணுள்ள ஒரு போர்ட்டில் வைப்பது சகஜம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள்.

அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சுற்றிவிட்டு "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், வழியில் ஒரு பயர்வோல் (இணைப்புகளை வடிகட்டும் காவல்) உங்கள் பொதியை, அதாவது நீங்கள் அனுப்பிய தரவுத் துண்டை, சத்தமில்லாமல் விழுங்குகிறது. எங்கள் ஊரில் இதற்கு நான் முதலில் கேட்பது: இரவு கரண்ட் போனதா? கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் திரும்பத் தொடங்கும், நிலையான முகவரி வாங்காத இணைப்பென்றால் வெளி ஐ.பி முகவரி மாறிவிடக்கூடும். கொழும்புப் பயர்வோலின் அனுமதிப் பட்டியலில் இருப்பது நேற்றைய முகவரி. பைபர் அறுந்து மொபைல் டொங்கிளுக்கு மாறினாலும் இதே கதைதான். மொபைல் இணைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம், அந்த முகவரியை அனுமதிக்கச் சொல்லிக் கேட்பதே பிழை. நிலையான முகவரி வாங்குங்கள், அல்லது வி.பி.என் (இணையத்தின் ஊடே தனி வழி) போடுங்கள்.

இன்னொரு சுற்றலும் உண்டு. இணைப்பு கிடைத்துவிட்டது, வரவேற்பு 220 மட்டும் வரவில்லை. அது பெரும்பாலும் போர்ட் 990இல் நடக்கும். அங்கே சேர்வர் முதல் எழுத்திலிருந்தே டி.எல்.எஸ் மறையாக்கத்தை எதிர்பார்க்கும், உங்கள் கருவியோ சாதாரண வரவேற்புக்காகக் காத்திருக்கும். "நீங்க முதல், நீங்க முதல்" என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற இருவரைப் போல இரண்டும் நிற்கும். கருவியில் 'இம்ப்ளிசிட்' முறையைத் தெரிவு செய்தால் போதும்.

"பாஸ்வேர்ட் பிழை எண்டு சொல்லுது"

530. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய கடவுச்சொல்லின் வாலில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கையால் அடித்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறதா, அந்தக் கணக்குக்கு அந்த லிசனரில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மறையாக்கம் இல்லாமல் பெயர் சொன்னால் 530 தந்து திருப்பியனுப்பும் சேர்வர்களும் இருக்கின்றன, அது கடவுச்சொல் பிழை அல்ல. எஸ்.எஃப்.டி.பி என்பது பெயரில் மட்டும்தான் சொந்தம். அது எஸ்.எஸ்.எச் என்ற மறையாக்கப்பட்ட தொலை இணைப்பின் மேல், போர்ட் 22இல் ஓடும் வேறு சாதி. இரண்டையும் குழப்பி ஒரு கிழமை மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நேற்றுவரை சரி, இன்று சான்றிதழ் செல்லாது என்கிறதா? கொழும்பைக் குறைசொல்ல முன் கணினியின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய கணினி, யூ.பி.எஸ் இல்லை, உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரி செத்துவிட்டது என்றால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். அந்தத் திகதிக்குச் சேர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை.

"லொகின் ஆகுது, பிறகு அப்பிடியே நிக்குது"

வேலையில் பாதி இதுதான். 230 வந்துவிட்டது, அதாவது பேச்சு இணைப்பு நலம். அடைவைப் பட்டியலிடச் சொன்னாலோ பைலை அனுப்பச் சொன்னாலோ நின்றுவிடுகிறது, கடைசியில் 425. சரக்கு இணைப்பு திறக்கவில்லை என்று அர்த்தம்.

சரக்கு இணைப்பை யார் திறப்பது என்பதில் இரண்டு முறை. அக்டிவ் முறையில் நீங்கள் உங்கள் முகவரியைச் சொல்வீர்கள், சேர்வர் உங்களிடம் வந்து கதவைத் தட்டும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் நமது கதவைத் தட்ட அதற்கு வழி இல்லை. எனவே பாஸிவ் முறை: சேர்வர் ஒரு முகவரியையும் போர்ட்டையும் சொல்லும், நீங்கள் போய்த் தட்டவேண்டும். லொக்கில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் முடிவில் ஆறு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு இப்படி:

227 (192,168,10,25,195,80)

முதல் நான்கும் சேர்வர் சொல்லும் முகவரி: 192.168.10.25. கடைசி இரண்டும் போர்ட்: 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் 50000. இப்போது முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்குவது உள்வீட்டு முகவரி. 10இல் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையானவையும் அப்படியே. கொழும்பு சேர்வர் தன் உள்வீட்டு முகவரியை நமக்குச் சொல்கிறது. அது, "எங்கட வீடு எங்க எண்டு கேட்டா, குசினிக்குப் பக்கத்தில" என்று சொல்வது போல. திருகோணமலையிலிருந்து அந்தக் குசினியைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைத் திருத்தவேண்டியது அவர்கள் பக்கம். லிசனரின் அமைப்பில் பாஸிவ் முறைக்கான வெளி முகவரியைக் கொடுக்கவேண்டும், பாஸிவ் போர்ட்டுகளுக்கு ஆரம்பமும் முடிவும் வைக்கவேண்டும், அந்த எல்லைக்குள் இருக்கும் போர்ட்டுகள் எல்லாவற்றையும் பயர்வோலில் திறக்கவேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "முடிஞ்சுது, பாருங்கோ" என்பார்கள். திரும்ப 227ஐப் பார்த்து, எண்ணைப் பெருக்கி, அந்தப் போர்ட் எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அவர்கள் திருத்தும் வரைக்கும் பைல்சில்லாவில், சேர்வர் சொல்லும் உள்வீட்டு முகவரியை விட்டுவிட்டு வெளி முகவரியையே பாவி என்று ஒரு தெரிவு இருக்கிறது. 1998இல் வந்த நீட்டிப்பான இ.பி.எஸ்.வி கட்டளையை இரு பக்கமும் ஆதரித்தால் இன்னும் நல்லது. அதன் பதிலான 229இல் போர்ட் மட்டுமே இருக்கும், முகவரியைச் சொல்லிப் பிழைவிட இடமே இல்லை.

"முந்தி வேலை செய்தது, டி.எல்.எஸ் போட்ட நாளிலிருந்து நிற்கிறது" என்றால் காரணம் சுவாரசியமானது. சில பயர்வோல்கள் பேச்சு இணைப்பை ஒட்டுக்கேட்டு, 227இல் வரும் முகவரியைத் தாங்களே திருத்தி, சொல்லப்பட்ட போர்ட்டைத் தாங்களே திறந்துவிடும். அமைப்பில் இருந்த பிழையை இத்தனை நாளும் அதுதான் மூடிமறைத்திருக்கிறது. பேச்சு மறையாக்கப்பட்டதும் பயர்வோலுக்குக் காது கேட்காது, பழைய பிழை வெளியே வந்துவிடும். டி.எல்.எஸ்ஸைக் கழற்றிவிடச் சொல்வார்கள். கழற்றாதீர்கள், கழற்றினால் கடவுச்சொல் வெறும் எழுத்தாகப் போகும்.

முதல் சில பைல் போய், பிறகு 425 வருவது இன்னொரு நோய். பாஸிவ் எல்லைக்குப் பத்துப் போர்ட் மட்டும் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பைலுக்கும் ஒரு போர்ட், மூடியதும் அது கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். எல்லாக் கிளைகளும் விடிய ஐந்து மணிக்கு ஒன்றாக அனுப்பினால் பத்தும் தீர்ந்துவிடும். எல்லையைக் கூட்டச் சொல்லுங்கள், நீங்களும் அனுப்பும் நேரத்தை ஐந்து மணி ஏழு நிமிடம் என்பது போல் தள்ளிவையுங்கள். 421 வந்து இணைப்புகள் கூடிவிட்டன என்றால், பழைய அமர்வுகளை மூடாமல் விட்ட ஸ்கிரிப்ட் எங்கோ இருக்கிறது. அது நம்முடையதாகவே இருக்கலாம், எனக்கு ஒருமுறை அப்படித்தான் இருந்தது.

"பாதியில நிண்டுட்டுது"

சின்னப் பைல் போகிறது, பெரியது ஒரு பைட்டும் நகராமல் நின்றுவிடுகிறது என்றால் பொதியின் அளவைச் சந்தேகியுங்கள். வி.பி.என் போட்டதும் இது அடிக்கடி தலைகாட்டும். விண்டோஸில் பிங் கட்டளைக்கு, துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் கொடுத்துப் பாருங்கள்; தலைப்புக்கான 28ஐக் கூட்டினால் 1500 ஆகும். போகாவிட்டால் போகும்வரை குறைத்து, கிடைத்த எண்ணோடு 28ஐக் கூட்டி ரவுட்டரில் எம்.டி.யூ (பொதியின் உச்ச அளவு) ஆக வையுங்கள். வழியில் பிங்கையே தடுத்து வைத்திருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

பைல் நூறு வீதம் போய்விட்டது, 226 மட்டும் வரவில்லை என்றால் அது வேறு. சரக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பேச்சு இணைப்பு வாய்மூடி இருக்கும். மெதுவான இணைப்பில் பெரிய பைல் இருபது நிமிடம் எடுத்தால், இடையில் இருக்கும் ரவுட்டர் "இந்த இணைப்புச் செத்துவிட்டது" என்று நினைத்து மறந்துவிடும். கருவியில், இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் கீப்-அலைவ் தெரிவைப் போடுங்கள். பைல் வந்ததும் அதற்குரிய வேலையை ஓடவிட்டு, அது முடிந்த பிறகே 226 சொல்லும் லிசனர்களும் உண்டு. அங்கே நமது கருவியின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டவேண்டும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 226 வராததால் நமது ஸ்கிரிப்ட் "தோல்வி, திரும்ப அனுப்பு" என்று நினைக்கும். அங்கேயோ முதல் பைல் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டது. ஒரு காலை இப்படித்தான் ஒரு லொறி மீன் கணக்கில் இரண்டு லொறியாகிவிட்டது. பின்னேரம் கொழும்பிலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாக அழைத்து, மற்ற லொறி எங்கே என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பைலின் பெயரிலும் லொறிப் பயண இலக்கத்தை வைக்கிறோம். ஒரே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் அங்கே ஒதுக்கிவிடுவார்கள். இதை எஃப்.டி.பி செய்து தராது, இரு பக்கமும் பேசித்தான் செய்யவேண்டும்.

"போயிட்டுது எண்டு சொல்லுது, அங்க இல்லையாம்"

எனக்குப் பிடித்த நோய், ஏனென்றால் இரண்டு பக்கமும் உண்மை சொல்கிறார்கள். 226 என்பதற்கு அர்த்தம் "பைட்டுகளை வாங்கிவிட்டேன்" என்பதுதான். விளங்கிக்கொண்டேன் என்று அது சொல்லவில்லை.

இன்டகிரேஷன் சேர்வரின் லிசனர் வெறும் களஞ்சிய அறை அல்ல. வெப்மெத்தட்ஸ் இன்டகிரேஷன் சேர்வர் என்ற மென்பொருளை எடுத்தால், அதன் சேவைகள் (அது ஓட்டும் வேலைகள்) எஃப்.டி.பியில் அடைவுகளாகத் தெரியும். ஒரு சேவையின் அடைவுக்குள் போய்ப் பைலைப் போட்டால் அந்தச் சேவை ஓடும். பைலின் உள்ளடக்கம் என்ன வகை என்பதை அது பெயரின் பின்னொட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். எனவே பைல் ஒரு படி தள்ளிப் பக்கத்து அடைவில் விழுந்தாலும், பின்னொட்டு மாறினாலும், வேறு ஆள் கையில் போய்ச் சேரும். அடைவே இல்லை, அல்லது அனுமதி இல்லை என்றால் 550 வரும், அது நல்லது, குறைந்தபட்சம் சத்தம் போடுகிறது.

விண்டோஸ் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்துவைக்கும் பழக்கமுடையது. அக்காவின் திரையில் முடிவு சி.எஸ்.வி என்று இருக்கும், உண்மையில் அதற்குப் பின்னால் டெக்ஸ்ட் பின்னொட்டு ஒன்று ஒளிந்திருக்கும். பின்னொட்டுகளைக் காட்டும்படி மாற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்தது அளவு. நம்மிடம் எத்தனை பைட், அங்கே எத்தனை பைட்? 1200 வரியுள்ள பைல் சரியாக 1200 பைட் குறைந்து போயிருந்தால், ஆஸ்கி முறையில் அனுப்பியிருக்கிறீர்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும், ஆஸ்கி முறை இடையில் நின்று அதை மாற்றிவிடும். பிரிக்கும் வேலைக்கு இரண்டெழுத்து முடிவு வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தால், முழுப் பைலும் ஒரே வரியாகத் தெரியும். சிப் பைலையும் எக்செல் பைலையும் ஆஸ்கியில் அனுப்பினால் உடைந்தே போகும். எப்போதும் பைனரி (எதையும் மாற்றாமல் அனுப்பும் முறை) என்று வைத்துவிட்டு, வரி முடிவு எப்படி இருக்கவேண்டும் என்பதை அவர்களோடு ஒருமுறை பேசி முடியுங்கள்.

அளவு சரி, ஆனால் முதல் நிரலை (நெடுக்கு வரிசையை) மட்டும் தெரியவில்லை என்கிறார்களா? எக்செலில் யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வியாகச் சேமித்தால் பைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் வரும். முதல் நிரலின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும், பெயர் பொருந்தாமல் போகும்.

பாமினியையும் இங்கே சொல்லவேண்டும். நம் பக்கத்துக் கந்தோர்களில் அந்த எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. பாமினியில் அடித்த 'திருகோணமலை' திரையில்தான் தமிழ். பைலுக்குள் அது ஆங்கில எழுத்துக் குவியல். சேர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அப்படியே கணக்கில் எழுதிவிடும், பிழை ஒன்றும் சொல்லாது. படகுப் பெயர்கள் எங்களுக்கு மூன்று மாதம் அப்படித்தான் போயிருந்தன. யூனிகோடில் அடிப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

பாதிப் பைல் மட்டும் கணக்கில் ஏறியிருந்தால், அங்கே அடைவை அடிக்கடி எட்டிப்பார்க்கும் வேலை ஒன்று, நாம் அனுப்பி முடிக்கமுன் கையைவிட்டு எடுத்திருக்கிறது. தற்காலிகப் பெயரில் அனுப்பி, 226 வந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். ஆனால் பைலைப் போட்டதும் சேவை ஓடும் லிசனரில் இந்த வித்தை பொருந்தாது, எந்த வகை என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொழும்புக்கு அழைக்க முன்

அவர்கள் லொக்கில் தேடுவதற்கு நேரம் வேண்டும், செக்கனோடு. சேர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் நமது நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்கவேண்டும். காலை 5.12 என்று நாம் சொன்னது அங்கே முதல்நாள் இரவு 11.42. தவறான நாளின் லொக்கைப் பார்த்துவிட்டு "உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை" என்று பதில் எழுதுவார்கள். நேரத்தோடு வெளி ஐ.பி முகவரி, பைலின் பெயர், பைட் அளவு, கடைசி எண். கடவுச்சொல்லை அனுப்பாதீர்கள், லொக்கைப் படம் எடுக்கும்போது அது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

போன கிழமை அக்காவின் செய்தி இப்படி வந்தது: "5.12.40. நம்பர் ஒண்டும் வரேல்லை, சுத்துது. நாலு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. புது ஐ.பி கீழ இருக்கு." நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. செய்தியை அப்படியே கொழும்புக்குத் தள்ளிவிட்டேன். லொறி கந்தளாய்ச் சந்தியில் தேநீருக்கு நிற்கமுன் 226 வந்துவிட்டது.